டிவி கோட்டையும் கம்ப்யூட்டர் கோட்டையும்

என் வீட்டுக்காரருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே உள்ளே வருகிறதாம். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் பார்வை மிச்சமாம். அதுவும் பொங்கலுக்குள் போய்விடுமாம். மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. இதைக் கேட்டுவிட்டு வந்த மனுஷன், மிச்சமிருக்கிற அந்தக் காசளவு கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் தெரியுமா? வீடியோ கேம் ஆடுகிறார். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

நான் பிருந்தா. செஞ்சி கடைத்தெருவில் வளையல், பொட்டு, கிளிப், பவுடர் விற்கிற ஃபேன்சி ஸ்டோர் என்னுடையது. கீழே கடை, மேலே வீடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவரிடம் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே கத்தித் தீர்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கும் அப்படித்தான். மத்தியானம் கடையை இழுத்துச் சாத்திவிட்டுச் சோறு போட மேலே வந்தால், அவர் டிவியையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செல்போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

"நண்பர்களே, ஒரே கேமு, ரெண்டு விதமா வந்துச்சு. ஒண்ணு டிவில மாட்டி ஆடுறது. இன்னொண்ணு கம்ப்யூட்டர்ல. ரெண்டுல எது ஒசத்தின்னு இன்னிக்குப் பாப்போம்."

அவருக்கு ஒரு சேனல் இருக்கிறது. பழைய கேம்களை எடுத்து வைத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசுவார். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற நூறு இருநூறு பேர் அதையும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் இப்போதுமா?

இந்தக் கேமைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேரைப் பற்றியும் சொல்ல முடியாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் என் நைனா கனகராஜ் இதே கடையில் டிவி கேம் விற்றார். கேசட்டுகள் மெட்ராஸிலிருந்து மூட்டையில் வரும். பாதிக்குமேல் பெயரே இருக்காது. பெயர் இல்லாத கேசட்டை எவன் வாங்குவான்? நைனா ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, தனக்குத் தோன்றிய பெயரை எழுதி ஒட்டுவார். ஒரு கேசட்டில் மலை, மலைமேல் கோட்டை, அதன்மேல் ஏறுகிற ஒரு குட்டிச் சிப்பாய், கோட்டைக்குள் ஒரு கிணற்றில் அடைபட்ட கைதி. நைனா யோசிக்கவே இல்லை. "செஞ்சிக் கோட்டை" என்று எழுதி ஒட்டிவிட்டார்.

அவ்வளவுதான், ஊரே பைத்தியமாகிவிட்டது. எவனோ ஒரு ஜப்பான்காரன் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, நம்ம மலையை அளந்துகொண்டு போய் கேம் செய்திருக்கிறான் என்று அத்தனை பிள்ளைகளும் நம்பினோம். ஒட்டினவரின் மகள் நானும் நம்பினேன், அதைச் சொல்லுங்கள்! எங்கள் தெருப் பையன்கள் கேமில் பார்த்த தங்கச் சாவியைத் தேடி எங்கள் ஊர் ராஜகிரி மலை மேலேயே ஏறிவிட்டார்கள். வாட்ச்மேன் துரத்திக்கொண்டே கீழே வரைக்கும் வந்தார்.

என் வீட்டுக்காரர் கிறிஸ்டோபருக்கு அவலூர்பேட்டை ரோட்டில் உள்ளே போகிற ஒரு கிராமம். வேதக்காரர்கள். அவர்கள் ஊர்க் கோயிலில் இருந்த வெள்ளைக்கார ஃபாதர் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது தன் கம்ப்யூட்டரைப் பாட்டுப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போனார். டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டு ஓட விடுகிற பழைய கம்ப்யூட்டர். ஒரு கேம் வருவதற்குள் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம் என்பார் இவர். அந்தக் கேசட்டில் இருந்ததும் இதே கேம்தான்.

ஒரு நாள் கடைக்குப் பேனா வாங்க வந்தவர், டிவியில் ஓடுவதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"இது செஞ்சிக் கோட்டை இல்ல. எங்க ஃபாதர் கம்ப்யூட்டர்ல இருக்குது. பேரே வேற."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். "அப்ப உங்க ஃபாதருதான் எங்க கோட்டையத் திருடிக்கினு போயிருப்பாரு" என்றேன். அன்று ஆரம்பித்த சண்டை, இரண்டு வீட்டிலும் ஒரு கலாட்டா நடந்து, கடைசியில் கல்யாணத்தில் வந்து நின்றது.

எது உசத்தி என்பதில் மட்டும் இன்றைக்கு வரைக்கும் ஒத்துப்போனதில்லை. டிவி கோட்டையைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். நீல வானம். நம்ம ஊர் மாதிரியே மூன்று மலை. மேகம் நகரும், சிப்பாய் ஓட ஓட மலையும் மரமும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். சிவப்புத் தலைப்பாகை, மீசை, முதலிலிருந்து கடைசி வரைக்கும் மேளம் கொட்டி ஒரு பாட்டு. கம்ப்யூட்டர் கோட்டை என்று அவர் காட்டினதோ, முழுக்கக் கறுப்பு. அதில் மஞ்சள் கோட்டில் ஒரே ஒரு மலை. சிப்பாய் எரிந்துபோன தீக்குச்சி மாதிரி இருப்பான். ஓரத்துக்குப் போனால் படம் அணைந்து அடுத்த படம் வரும். பாட்டும் கிடையாது. டொக், டொக் என்று ஏதாவது தட்டிக்கொண்டே இருக்கும். "இன்னாங்க, உங்க கோட்டையில கரண்ட் கட்டா?" என்று வருஷக்கணக்காகக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அந்தக் கிண்டலைச் செய்ய நாக்கு வரவில்லை.

தட்டை அவர் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தேன்.

"பிருந்தா, வந்துட்டியா? டிவில ஒரு ஆட்டம் ஆடேன். நான் பேசி ரெக்கார்டு பண்றேன்."

இருக்கிற பார்வையை இந்த எழவுக்கா செலவு பண்ற என்று தொண்டை வரைக்கும் வந்தது. "சரிங்க" என்றேன். ஆடினேன். கை மறக்கவில்லை, முதல் மலையை ஒரே மூச்சில் தாண்டினேன். அவர் டிவிக்கு ரொம்பக் கிட்டத்தில் முகத்தை வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மேகம் எந்தப் பக்கம் போவுது?"

"இடது பக்கம்."

"எனக்குப் பிடிபட மாட்டேங்குது. சாவி ஓட்டை வழியா பாக்குறாப்ல இருக்குது. நான் கண்ணைத் திருப்புறதுக்குள்ள மலையே ஓடிப்போயிடுது."

அதைச் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிப்பாய் எங்கே போனான் என்றே தெரியவில்லை, அகழியில் விழுந்து செத்துப்போனான்.

சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் பாயைப் போட்டுப் படுத்தேன். மத்தியான நேரத்தில் கடைத்தெரு அடங்கிவிடும். ஜன்னல் வழியாக ராஜகிரி தெரியும். வெயில் ஏற ஏறப் பாறைகளின் ஓரம் கரைந்து, மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போகும். டிவி கோட்டையின் மலையா, வெளியே இருக்கிற மலையா என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். அப்படியே கண் சொருகிவிட்டது.

தூக்கத்தில் நான் மலை ஏறிக்கொண்டிருந்தேன். எல்லாப் பக்கமும் கறுப்பு. கால் வைக்கிற இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. பயமாக இல்லை. ஒவ்வொரு அடிக்கும் டிக் என்று ஒரு சத்தம் வந்தது, கால் கல்லில் இருக்கிறது என்று அதனால் தெரிந்தது. மேலே கீச் என்றால் வௌவால், குனிந்தேன். எங்கோ டுக், டுக் என்று மெதுவாகக் கேட்டு, பிறகு வேகமானது, உருண்டு வருகிற கல். தள்ளி நின்றேன், அது என்னைத் தாண்டிப் போய்த் தூரத்தில் தேய்ந்தது. பாலத்துப் பலகை முனகியது. ஒரு இடத்தில் தண்ணீர் சொட்டியது. எல்லாவற்றுக்கும் கீழே, ரொம்ப ஆழத்தில், யாரோ டொக், டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தட்டலை நோக்கித்தான் நான் போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் யார், எதற்காகப் போகிறேன் என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. அத்தனை நிம்மதி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்ததே இல்லை.

கண்ணைத் திறந்தேன். சத்தம் நிற்கவில்லை. டிக், டிக், கீச், டுக் டுக். அவர் லேப்டாப்பில் கம்ப்யூட்டர் கோட்டையை ஆடிக்கொண்டிருந்தார். எழுந்து பார்த்தால் திரைமேல் ஈரத்துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். விரல் மட்டும் கீபோர்டு மேல் ஓடுகிறது. முகம் ஜன்னல் பக்கம். கண் மூடியிருந்தது.

"இன்னாங்க இது?"

"உஷ். பாலத்துல இருக்கேன்." பலகை முனகி முடிந்ததும் விரலை எடுத்தார். "கேட்டியா? டிவி கோட்டையில பாட்டு ஓடிக்கினே இருக்குது. வௌவாலு வந்தாலும் அதே பாட்டு, கல்லு உருண்டாலும் அதே பாட்டு. பாக்க அழகு, நான் ஒத்துக்குறேன். ஆனா கண்ண மூடினா ஒண்ணுமே கிடையாது. இதப் பண்ணவனுக்குக் கலரு பத்தல, படம் போட எடம் பத்தல. இன்னா பண்ணான்? ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம் வெச்சிட்டான். கைதி எங்க கெடக்கான்னு படத்துல காட்ட முடியல, அவனைத் தட்ட வெச்சிட்டான்."

"அதுக்கு?"

"பொங்கலுக்கு அப்புறம் எது என்கூட வரும்னு பாக்குறேன் பிருந்தா. இது வரும்."

என்னால் அடக்க முடியவில்லை. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "என்னையப் பாக்கலாமில்ல? இருக்குற கொஞ்ச நாளுல என் மூஞ்சியப் பாத்து வெச்சிக்கக் கூடாதா? இந்தக் கறுப்புக் கேமுதான் கூட வரணுமா?"

கேம் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னார்.

"உன் மூஞ்சி எனக்கு மறக்காது. ஆனா நீ எங்க இருக்கன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது. டாக்டரு சொன்னதுல இருந்து பூனையாட்டம் நடக்குற. தட்ட வெச்சா சத்தம் இல்ல, கதவ சாத்துனா சத்தம் இல்ல. கடைத்தெருவே என்கிட்ட மெதுவா பேசுது. அதக்கூட விடு. நீ என்னையத் திட்டி எத்தினி நாளாச்சு? முன்னலாம் நீ கீழ கடையில இருந்து கத்துனா எந்த மூலையில நிக்கிறன்னு சொல்லிடுவேன். இப்போ வீடே காலியா இருக்குது பிருந்தா."

"கண்ணு தெரியாத மனுஷனப் போயி திட்டுவாங்களா?"

"எனக்குக் கண்ணுதான் தெரியல."

திட்டு என்றால் திட்டிவிட முடியுமா? தெருவில் தக்காளிக்காரனை, கரண்ட் ஆபீஸ்காரனை, பல்லிளித்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களை எல்லாம் கிழித்துத் தொங்கவிடுகிற வாய் இது. அவர் முகத்தைப் பார்த்தால் அத்தனையும் நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. கடைச் சாவியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே வந்துவிட்டேன். வந்த பிறகுதான், மறுபடியும் சத்தமில்லாமல் வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் பனமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கோயிலில் பல்லவர் காலத்து அம்மன் படம் ஒன்று சுவரில் இருக்கிறது. பார்க்கத்தான் போகிறார் என்றால் கேமைவிட நல்லதாக ஒன்றைப் பார்க்கட்டும் என்பது என் வீம்பு. பாண்டுரங்கன் ஆட்டோ. செஞ்சியிலேயே அவன் மாதிரி ஹாரன் அடிக்கிறவன் கிடையாது. அன்றைக்கு வழியெல்லாம் ஒரு ஹாரன் இல்லை, "பாத்து சார், மெதுவா எறங்கு சார்" என்று சாவு வீட்டில் பேசுகிற மாதிரி பேசினான். அவன் வாயில் ஒன்று போடலாமா என்று இருந்தது.

ஏரிக்கரையில் பாறை, பாறைமேல் கோயில். ஏரி நிரம்பியிருந்தது. கையைப் பிடித்துப் படி ஏற்றிக் கூட்டிப்போய், அந்தப் படம் இருக்கிற சின்னச் சன்னதியில் நிறுத்தினேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. புறா இறக்கை அடிக்கிற சத்தம் எங்கிருந்தோ வந்தது.

அவர் சுவருக்குக் கிட்டே போய், மேலிருந்து ஆரம்பித்தார். ஒரு இடத்தைப் பார்ப்பார், நிறுத்துவார், முகத்தைக் கொஞ்சம் நகர்த்துவார்.

"குடை... சரி. கிரீடம். அடேங்கப்பா, இன்னா வேலைப்பாடு. கண்ணு. கீழ பாக்குறா, இல்ல?"

"ஆமாங்க."

"இது ஓடல பிருந்தா. நிக்குது. நான் ஒவ்வொரு ஸ்கிரீனா போறேன்." அவர் முகம் சின்னப் பிள்ளையுடையது மாதிரி ஆகிவிட்டது. இடுப்பு, வளைந்த கால், விரல் என்று போய்க்கொண்டே இருந்தார். நானும் அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர் நகர்கிறபோது நகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. காரை உதிர்ந்த இடம் வந்ததும் அவர் கழுத்தை முன்னால் நீட்டி, "இங்க இன்னும் லோடு ஆவல" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. அவருக்குக் கேட்டுவிடுமே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மெல்ல நழுவி வெளியே வந்து மதில் ஓரமாக நின்றுகொண்டேன். அழுது முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான். கீழே ஏரித்தண்ணீர் வெயிலில் பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

"பிருந்தா?"

படத்தைப் பார்த்து முடித்துவிட்டு அவரும் வெளியே வந்திருந்தார். இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் அவருக்குக் கொஞ்ச நேரம் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரியும். இதோ இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் விம்மல்தான் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையை முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினார். பிறகு நான் நிற்பதற்கு எதிர்ப்பக்கமாக நடந்தார்.

அந்தப் பக்கம் மதில் இடிந்து கிடக்கிறது. அதற்கப்புறம் பாறைச் சரிவு, அதற்குக் கீழே தண்ணீர். ஓடிப்போய்ப் பிடிக்கிற தூரத்தில் நான் இல்லை.

"பிருந்தா, எங்க இருக்குற?" ஒரு கால் இடிந்த கல்லைத் தாண்டி விட்டது.

"யோவ்!"

கோயிலில் இருந்த அத்தனை புறாக்களும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன.

"யோவ், நில்லுய்யா! அசையாத! அறிவிருக்குதா உனக்கு? ஏரியில போயி விழறதுக்கா இவ்ளோ தூரம் உன்னையக் கூட்டியாந்தேன்? காலப் பின்னால எடு! எடுறான்னா!"

அவர் கால் அப்படியே நின்றது. பின்னால் வந்தது. தலை திரும்பியது. நேராக என்னைப் பார்த்துத் திரும்பியது, நூல் பிடித்த மாதிரி.

"அங்க இன்னா வெச்சிருக்குது உனக்கு? இந்தப் பக்கம் வா! பொறுப்பிருக்குதா உனக்கு? ஈரத்துண்ட எங்க போடுறதுன்னு தெரியுதா? லேப்டாப்பு மேலதான் போடுவியா? டப்பாவத் தெறந்தா மூடத் தெரியுதா?"

அவர் நடந்து வந்தார். தயங்காமல், கையைக்கூட நீட்டாமல் வந்தார். நான் வாயை மூடினால் அவர் நின்றுவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் மூடவில்லை. என்னென்னவோ கேட்டேன். எங்கள் கல்யாண நாளை மறந்தது, கடை வாடகை வாங்க வந்தவரிடம் பல்லிளித்தது, அவர் அண்ணன் ஆல்பர்ட் வந்தால் மட்டும் பெரிய இவராட்டம் காலாட்டிக்கொண்டு உட்காருவது. கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, வாயும் ஓடிக்கொண்டே இருந்தது. படியில் வந்த நாலு பேர் ஒரு குருட்டு மனுஷனை இப்படித் திட்டுகிறாளே என்று நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"குளிக்கப் போறேன்னு போயி உள்ள தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுவுறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் இன்னா செத்தா பூட்டேன்? உன்கூடதான இருக்கேன்? பயமா இருக்குதுன்னு என்கிட்ட சொன்னா இன்னா கொறஞ்சி பூடுவ?"

அவர் நின்றார். ஒரு கை தூரம்தான் இருந்தது.

"பயமா இருக்குது பிருந்தா" என்றார்.

"வாய்யா இங்க!"

வந்தார். கை என் தோளில் விழுந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் முகமெல்லாம் ஈரம். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேன்" என்றார்.

வந்துவிட்டார்தான். ஆனாலும் நான் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆட்டோ வரைக்கும் இன்னும் அத்தனை படி இறங்க வேண்டியிருந்தது.